சிகரெட் கம்பெனி கட்டித் தரும் கழிப்பறை வேண்டுமா?

கேள்வி: நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. சிகரெட் கம்பெனி ஒன்றின் நிதியில் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தருவதாக ஓர் அறக்கட்டளைக்காரர் அலைகிறார். புகையிலைக்கு எதிரான உலக உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறதே, அதைக் காட்டி மறுக்கலாமா?

பதில்: தாராளமாக மறுக்கலாம் அம்மா. ஆனால் உடன்படிக்கையை மட்டும் காட்டினால் எடுபடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த உடன்படிக்கையை இந்தியா 2004-லேயே ஏற்றுவிட்டது. அதன் 5.3 பிரிவு, சுகாதாரக் கொள்கையில் புகையிலைக் கம்பெனிகளை மூக்கை நுழைக்க விடாதே என்கிறது. அவர்களுடைய ‘சமூக சேவை’க்கு இடம் கொடுக்காதே என்கின்றன அதன் வழிகாட்டு நெறிகள். இதற்கென மத்திய சுகாதார அமைச்சகம் நடத்தை விதி போட்டது 2020-ல், 16 வருடம் கழித்து! அதுவும் தன் துறைக்கு மட்டும். கல்வித் துறைக்கு யார் போடுவது? எல்.ஐ.சி.யே சிகரெட் கம்பெனிப் பங்கை வைத்திருக்கும் நாட்டில் யாரைக் கேட்பது?

உங்களுக்குக் கைகொடுப்பது 2003-ம் வருடத்து நம் புகையிலைச் சட்டம்தான். நன்கொடைக்கோ பரிசுக்கோ கைமாறாகப் புகையிலைப் பிராண்டை யாரும் பரப்பக் கூடாது என்கிறது 5-வது பிரிவு.

“அந்தக் கம்பெனி பிஸ்கட்டும்தானே விற்கிறது” என்பார் அந்த அறக்கட்டளைக்காரர். இங்கேதான் ஓட்டை. கழிப்பறையில் பதிக்கும் கல்வெட்டில் சிகரெட்டின் பெயர் இருந்தால் சட்டத்தில் மாட்டும். தாய்க் கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தால் வக்கீல் வைத்து வழுக்கிவிடுவார்கள். அந்தப் பெயரே சிகரெட் பெட்டியிலும் பிராண்டாக இருந்தால்? அப்போது மாட்டும். ஆகவே ஒரு காலிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்குக் கம்பெனியைவிட இந்த இடைத்தரகர்கள் மேல்தான் கோபம். கம்பெனியின் பெயரே வராமல் அறக்கட்டளை பெயரில் கடிதம் நீட்டுவார்கள். எதுவும் எழுதாத பள்ளி லெட்டர்பேடில் கையெழுத்து கேட்பார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகளின் படத்தை எங்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். பணம் முதலில் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு வரமாட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் மறுப்புத் தீர்மானம் போட்டு நகலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் இரண்டு மனு கொடுங்கள்: 5.3 பிரிவை மாவட்டத்தின் எல்லாத் துறைகளுக்கும் நடைமுறைப்படுத்தக் கோரி ஒன்று, அரசு செலவில் கழிப்பறை கேட்டு ஒன்று. ஒரே தாளில் எழுதினால் ஏதாவது ஒரு துறைக்குத் தள்ளிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள்.