நியோவிம்முக்கு ரெடிமேட் கான்ஃபிக்: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் டீமில் ஒரு அண்ணன் மவுஸைத் தொடாமலே நியோவிம் எடிட்டரில் கோட் எழுதுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. நிறுவிப் பார்த்தால் வெறும் திரைதான் வருகிறது. எல்லாம் செட் செய்த கான்ஃபிக் (எடிட்டரின் அமைப்பு ஃபைல்) என்று ஒருவர் 1,500 ரூபாய்க்கு ஒரு ஜிப் ஃபைல் விற்கிறார். லேஸிவிம், கிக்ஸ்டார்ட் என்று இலவசமாகவும் கிடைக்கிறதாமே? எதை எடுப்பது?

பதில்: அந்த ஜிப்பை வாங்காதீர்கள். நியோவிம்மின் கான்ஃபிக் என்பது லூவா மொழியில் எழுதிய புரோகிராம். எடிட்டரைத் திறந்ததுமே, உங்கள் பயனர் கணக்குக்கு என்னென்ன அனுமதி உண்டோ அத்தனையோடும் அது ஓடும். ஆபீஸ் கோடும் பாஸ்வேர்டுகளும் இருக்கிற லேப்டாப்பில், யார் எழுதியது, எப்போது என்ன மாற்றினார்கள் என்று பார்க்கவே வழியில்லாத ஒன்றை ஏன் ஓடவிட வேண்டும்? இலவசமாகக் கிடைப்பவை கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தையும் யாரும் பார்க்கலாம்.

நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே மாதிரிப் பொருள் அல்ல. லேஸிவிம் கட்டி முடித்த வீடு. போட்டதும் தேடல், பிழை காட்டுதல், கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) எல்லாம் வேலை செய்யும். அதுவே ஒரு பிளகின் (எடிட்டரோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) என்பதால், அப்டேட் கொடுக்கும்போது அதை உருவாக்கியவர்கள் செய்த மாற்றங்களும் வந்து சேரும். நேற்று வேலை செய்த ஷார்ட்கட் இன்று வேறாக இருக்கலாம். பிளகின்களின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலை கிட்டில் சேர்த்து வைத்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

நியோவிம்மை உருவாக்கும் குழுவைச் சேர்ந்த டிஜே டிவ்ரீஸ் தொடங்கிய கிக்ஸ்டார்ட் வேறு வகை. ஒரே ஃபைல், வரிக்கு வரி விளக்கக் குறிப்பு. நகல் எடுத்த நாளிலிருந்து அது உங்களுடையது. நீங்கள் கை வைக்காமல் அதில் ஒரு வரியும் மாறாது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முழுதும் படித்துவிடுங்கள். பிறகு ஏதாவது உடைந்தால் எந்த வரியைப் பார்ப்பது என்று உங்களுக்கே தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. ஷார்ட்கட்டை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஸ்பேஸ் பாரைத் தட்டி ஒரு நொடி பொறுத்தால் ஷார்ட்கட் பட்டியல் தானே வரும்.

பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உபுண்டு லினக்ஸ் 22.04-இல், அதன் சொந்த நிறுவியான ஆப்ட் மூலம் நிறுவினால் நியோவிம் 0.6.1 தான் கிடைக்கும், 24.04-இல் 0.9.5. இன்றைய கிக்ஸ்டார்ட்டுக்கு இரண்டுமே பழசு. நியோவிம்மின் சொந்த வெளியீட்டிலிருந்து புதிய பதிப்பை இறக்குங்கள். ஐகான் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கான்ஃபிக்கில் கோளாறு இல்லை. டெர்மினலுக்கு நெர்ட் ஃபான்ட் (ஐகான்களும் சேர்ந்த எழுத்துரு) போடவேண்டும், அவ்வளவுதான்.

1,500 ரூபாயை ஏற்கெனவே ஒதுக்கி வைத்துவிட்டீர்களா? நியோவிம் 2014-இல் கிளை பிரிந்து வந்தது விம் என்ற பழைய எடிட்டரிலிருந்து. விம்மை உருவாக்கி 2023-இல் மறைந்த பிராம் மோலினார் அதற்கு விலை வைக்கவில்லை. பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். பணத்தை அங்கே அனுப்பலாம்.