ஸ்டாடிஸ்டிக்ஸ் இல்லாத பேப்பர்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம். கோவையில் பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டரில் உளவியல் பேப்பர் ஒன்று எடுக்கலாம்: பொது உளவியல், சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல். புதிதாகப் படிப்பவளுக்கு எது எளிது? எனக்குக் கணக்கு வராது. ஸ்டாடிஸ்டிக்ஸ் இல்லாத பேப்பராகச் சொல்லுங்கள்.

ஒரு மாணவி

அன்புள்ள அம்மிணி,

பொது உளவியல் எடு. புலனறிவு, கவனம், நினைவு, கற்றல் எல்லாம் அதில்தான் தொடங்குகின்றன. மனநோய்களைப் பற்றிப் பேசும் பிறழ்நிலை உளவியலை முதலிலேயே எடுத்தவர்கள் லீவுக்கு ஊர் வந்ததும் பெரியம்மாவுக்கு ஒரு நோய்ப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அது பிறகு இருக்கட்டும். மார்க் எதில் விழும் என்பதை சீனியர்களிடம் கேட்டுக்கொள்.

உன் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. கணக்கு வராது என்று உனக்கு யார் சொன்னது? கொஞ்ச நாளாகவே இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மனசைப் படிக்க ஆசை, எண்ணைக் கண்டால் ஓட்டம்.

என் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். கொழுப்பைப் பார்த்துத்தான் விலை. கேன் அசையாமல் நின்றால் கொழுப்பு மேலே ஏறிவிடும். மேலாக மோந்தால் கூடக் காட்டும், அடியில் எடுத்தால் குறையும். சாம்பிள் எடுக்க வரும்போதெல்லாம் அம்மா கேன் வாயில் கையை வைத்துக்கொண்டு, "நல்லாக் கலக்கிப்போட்டு எடுங்க" என்பார். பள்ளிக்கூடம் போகாதவர். எடுத்த கரண்டிப் பால் மொத்தக் கேனுக்கும் சாட்சி சொல்லுமா? ஸ்டாடிஸ்டிக்ஸின் முதல் கேள்வியே அதுதான்.

உளவியல் நெடுங்காலம் கலக்காமலே மோந்தது. மனித மனம் இப்படித்தான் என்று சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாட்டவரை, அதிலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை என்று 2010இல் ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்கள் இருவரும் எழுதினார்கள். முல்லர்-லயர் கோடுகள் உன் பாடத்தில் வரும். இரண்டும் ஒரே நீளம், ஆனால் அம்பு முனைகள் திரும்பியிருக்கும் திசையால் ஒன்று நீளமாகத் தெரியும். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்கள் அதில் ஏறக்குறைய ஏமாறவே இல்லை என்று 1966லேயே ஆய்வு வந்துவிட்டது.

அப்படியிருக்க, திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டில் செக்கிங் பார்க்கும் அக்காவின் கவனத்தைப் பற்றி உன் புத்தகம் எதை நம்பிப் பேசுகிறது? அதைக் கேட்க வேண்டியவள் நீ. எண்ணுக்குப் பயந்தால் எப்படிக் கேட்பாய்? ஸ்டாடிஸ்டிக்ஸில் வரும் திட்டவிலக்கம் பத்தாம் வகுப்பிலேயே போட்டவள்தானே!

வகுப்பில் ஏதாவது ஆய்வைச் சொன்னால் எழுந்து கேள், கண்ணு: எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், எப்படிப் பொறுக்கினார்கள்? என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.