அறுபதைத் தாண்டிய பிறகும் கான்டாக்ட் லென்ஸ் அணியலாமா?

கேள்வி: எனக்கு வயது 63, மயிலாப்பூரில் வசிக்கிறேன். 30 ஆண்டுகளாகக் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். இப்போது சாயங்காலமானால் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது. படிக்கத் தனிக் கண்ணாடியும் தேவைப்படுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். லென்ஸை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வயதை மட்டும் காரணமாக வைத்து விட வேண்டியதில்லை. லென்ஸ் கண்ணீர்ப் படலத்தின் மீதுதான் மிதக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்கு அந்தப் படலம் விரைவில் உலர்ந்துவிடுவதால், நாள் முழுவதும் மின்விசிறிக் காற்றிலும் ஏசி அறையிலும் இருந்த கண் மாலையில் உறுத்தத் தொடங்குகிறது. கண் மருத்துவர் கீழிமையின் ஓரத்தில் சிறு காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடத்தில் அது எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார். 5 மி.மீ. கூட நனையவில்லை என்றால், வறட்சிக்குச் சிகிச்சை பெற்ற பிறகே லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது சர்க்கரை நோயைப் பற்றித்தான். நீண்ட நாள் சர்க்கரையால் கருவிழியின் உணர்ச்சி மங்கக்கூடும் என்பதால், அங்கே சிராய்ப்பு ஏற்பட்டாலும் வலி தெரியாமல் போகலாம். புண் ஆறவும் நாளாகும். ஆகவே, தினமும் அணிந்து இரவில் எறிந்துவிடும் லென்ஸே உங்களுக்கு ஏற்றது. லென்ஸோடு ஒருபோதும் உறங்காதீர்கள். மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் என எதுவும் லென்ஸில் படக் கூடாது. கருவிழியை அரிக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில் வாழ்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய கையில், விரல் இடுக்கின் ஈரம்கூட இல்லாதபடி துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள்.

வெள்ளெழுத்துக்கு, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் மல்டிஃபோகல் லென்ஸ் உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் படிப்பதற்கும் பழக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் ஆழம் கணிப்பது சற்றுத் தடுமாறும் என்பதால், மாடிப்படி ஏறி இறங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன் கண்ணை அளவெடுக்கச் சில நாட்கள் லென்ஸை நிறுத்த வேண்டியிருக்கும்.

கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்காமல், அன்றே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ உங்கள் கண் மருத்துவரிடமோ செல்லுங்கள். கழற்றிய லென்ஸை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டறிய அது உதவும்.