ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கொலஸ்ட்ரால், உணவு, மாத்திரை பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் மருத்துவக் குழுவின் பதில்கள்.

என் மாமனாருக்கு 62 வயது. எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 142. தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடுகிறார். போன வாரம் பார்த்தபோது 66. "அதான் குறைஞ்சிருச்சே, இனிமே சாப்பாட்டுல பாத்துக்கிறேன்" என்று மாத்திரையை விடப் பார்க்கிறார். விடலாமா?
– வாசகி, தேவகோட்டை

விடக்கூடாது. 66 என்பது மாத்திரை வேலை செய்வதால் வந்த எண். நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து நேரடியாக வருவதில்லை, உடம்பே தயாரிப்பது. கல்லீரலில் அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியை ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற மருந்துவகை) தடுக்கிறது. தனக்குத் தேவையான கொலஸ்ட்ரால் கிடைக்காத கல்லீரல், ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.லை இழுத்து எடுத்துக்கொள்கிறது. மாத்திரை நின்றால் இந்த இழுப்பும் நின்றுவிடும். சில வாரங்களில் எண் பழையபடி 140-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

உணவில் கவனமாக இருந்தால் பலருக்கு 10 முதல் 15 சதவீதம் குறையும். அவர் கணக்கில் 142 என்பது 120 பக்கம் வரும், அவ்வளவுதான். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். 55-க்குக் கீழே கொண்டுபோக வேண்டும் என்பதே இப்போது பல மருத்துவர்களின் இலக்கு. ஆகவே உங்கள் மருத்துவர் மாத்திரையைக் குறைப்பதற்குப் பதில் கூட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். 40-ஐ 80 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். அதனால் எசெடிமைப் 10 மி.கி. சேர்ப்பார்கள். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, இருக்கும் எண்ணில் இன்னும் 15 முதல் 20 சதவீதத்தைக் குறைக்கும்.

இந்த மாத்திரை வெறும் எண்ணைக் குறைப்பதோடு நிற்பதில்லை. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளைச் சுமார் ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைவாக இருந்தது. மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றை இன்றைக்கே பாருங்கள். அவருடைய மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் அட்டோர்வாஸ்டாட்டினோடு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில் கிடைக்கின்றன. அவர் சாப்பிடுவது அதுவாக இருந்தால், "கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டேன்" என்று அவர் விடுவது ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளையும் சேர்த்துத்தான். ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் அவற்றை விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைக்கலாம். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: கூட்டுக் கேப்ஸ்யூலையும் தனி அட்டோர்வாஸ்டாட்டினையும் இரண்டு மருத்துவர்கள் எழுதித் தர, இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. கால் வலிக்கிறது. மாத்திரைதான் காரணமா?
– 54 வயது வாசகி, காரைக்குடி

எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். ஸ்டாட்டினால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேபோல், தொடை, இடுப்பு, தோள், கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளில் வரும். உட்கார்ந்து எழுவதும் படி ஏறுவதும் கஷ்டமாக இருக்கும். ஒரு முழங்கால் மட்டும் வலித்தாலோ, காலையில் மூட்டு விறைத்தாலோ காரணம் அநேகமாக வேறு.

நீங்களாக நிறுத்தாமல் சி.கே. (தசைச் சேதத்தைக் காட்டுவது), டி.எஸ்.எச். (தைராய்டைக் காட்டுவது) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் பாருங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும். உங்கள் வயதுப் பெண்களிடம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தைராய்டைச் சரிசெய்ததும் இரண்டு தொல்லையும் அடங்கியவர்கள் உண்டு.

2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாமல் விட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டபோது வந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரைக்கும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம், காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல. உங்களுக்கு மருந்துதான் காரணம் என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது. மருத்துவர் சில வாரம் நிறுத்திப் பார்த்து 5 மி.கி.யிலோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ மறுபடி தொடங்குவார்.

சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனாலோ, எழுந்து நிற்க முடியாத அளவு தசை சோர்ந்தாலோ மாத்திரையை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஆன்டிபயாடிக் ஸ்டாட்டினை உடம்பில் தேங்கவைக்கும். தசை நொறுங்குவது பல நேரம் இப்படிப்பட்ட கூட்டணியில்தான்.

ஐந்து பேர் இருக்கிற வீடு. மாதம் 4 லிட்டர் கடலை எண்ணெய், 1 லிட்டர் நல்லெண்ணெய். எல்லாம் செக்கில் ஆட்டியது. பிறகு எப்படிக் கணவருக்குக் கொலஸ்ட்ரால்?
– வாசகி, பள்ளத்தூர்

செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை. பாக்கெட் எண்ணெயிலும் இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லை. எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு, நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு, நெய்யில் பாதிக்கும் மேல், தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். எண்ணெய்த் தேர்வில் நீங்கள் சரியாகத்தான் இருக்கிறீர்கள். அளவுதான் கூடுதல்: தலைக்கு நாளுக்கு 30 கிராம். அதை 20-க்குக் கொண்டுவர, ஐந்து பேருக்கு மாதம் மூன்றேகால் லிட்டருக்குள் நிறுத்த வேண்டும். மாத முதல் நாளே அவ்வளவை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். கையளவில் ஊற்றினால் கணக்கு நிற்காது.

எல்.டி.எல். குறைய வேண்டியவருக்கு நிறைவுற்ற கொழுப்பு நாளுக்குச் சுமார் 15 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே 8 கிராம் போய்விடும். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 30 கிராம் இருக்கிறது. குருமாவுக்குத் தேங்காயைப் பாதியாக்கி, மீதிக்குப் பொட்டுக்கடலை அரைத்து விடுங்கள்.

கறியை விட வேண்டியதில்லை. வெள்ளைக் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டுக் கறியை மஞ்சள், சின்ன வெங்காயத்தோடு வேகவையுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் மேலே வெள்ளையாகப் படை கட்டும். அதைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சுக்கா பிரட்டலாம். ருசி எலும்புச் சாற்றில் இருக்கிறது, அது கீழேதான் இருக்கும். வாரம் ஒருமுறை, தலைக்கு 100 கிராம். மூளை வேண்டவே வேண்டாம். வாரம் இரண்டு நாள் சாளை, அயிலை குழம்பு வையுங்கள்.

வெள்ளைப் பணியாரம், சீயம் நோன்புக்கும் விசேஷத்துக்கும் இருக்கட்டும். எண்ணெய் சரியாகக் காயாமல் மாவை ஊற்றினால் பணியாரம் எண்ணெயைக் குடிக்கும். சுட்ட எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள், திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்காதீர்கள்.

நம் சமையலிலேயே கணவருக்கு ஏற்ற பதார்த்தம் வெண்டைக்காய் மண்டி. மொச்சையும் வெண்டையும் கரையும் நார்ச்சத்துள்ளவை. நாளுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார்ச்சத்து சேர்ந்தால் எல்.டி.எல். ஏறக்குறைய 5 சதவீதம் இறங்கும். தாளிக்கிற எண்ணெயையும் உப்பையும் மட்டும் குறையுங்கள்.

சுத்த சைவம் நான், வயது 38. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 460. எல்.டி.எல். இடத்தில் எண்ணே இல்லை. ஏன்?
– வாசகர், கோட்டையூர்

பல லேப்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.லையும் (நல்ல கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு தவறும். அதனால் காலியாக விட்டிருக்கிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். அந்த எண்ணின் இலக்கு, எல்.டி.எல். இலக்கைவிட 30 அதிகம்.

ட்ரைகிளிசரைடை ஏற்றுவது கறி மட்டுமல்ல. இனிப்பு, மூன்று வேளையும் அரிசிமாவுப் பலகாரம், மது, தொப்பை, கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் எல்லாம் ஏற்றும். கவுனி அரிசி நல்லதுதான், அதில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடுகிறது. காபியில் சர்க்கரையை நிறுத்துங்கள், இரவு இடியாப்பத்தைப் பாதியாக்கிச் சுண்டல் சேர்த்துக்கொள்ளுங்கள், தினமும் 40 நிமிடம் வேகமாக நடங்கள். இரண்டு மாதம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு மறுபடி பாருங்கள். எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டி.எஸ்.எச். இரண்டையும் அந்த ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அப்போது இரண்டு மாதம் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.