பொருள் குறைவு, செலவு ஏன் அதிகம்?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று அறை வீடு வாங்கினோம். கணவர், நான், ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன், மாமியார் என ஐந்து பேர். கணவருக்கு நிலையான சம்பளம். எனக்கு மாதத்துக்கு மாதம் மாறும் வருமானம். எட்டு மாத வீட்டுச் செலவுக்கு ஈடான சேமிப்பு கையில் உள்ளது. பொருள்களையும் அலங்காரத்தையும் குறைத்துக்கொள்ளும் மினிமலிச பாணியில் உள்ளலங்காரம் செய்தால் செலவு குறையும் என்று நினைத்தோம். டிசைனர் கொடுத்த கொட்டேஷனோ ஒன்பது மாதச் செலவுக்குச் சமமாக இருக்கிறது. சேமிப்பிலிருந்து ஐந்து மாதத் தொகையை எடுத்துக்கொண்டு, மீதிக்கு 12% வட்டியில் ஐந்தாண்டுத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் கொட்டேஷன் உயர்ந்ததற்கு டிசைனரின் பேராசைதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை வெறும் அழகுக்கானதன்று. டைல்ஸ் வெட்டிய பிசிறையும் பூச்சின் கோணலையும் மறைப்பதும் அதன் வேலை. மினிமலிசம் அந்தப் பட்டையை எடுத்துவிடச் சொல்கிறது. எடுத்தால் பூச்சு வேலைக்காரர் மில்லிமீட்டர் பிசகாமல் முடிக்க வேண்டும், அதற்கான கூலியும் கூடும். கைப்பிடியில்லாத அலமாரிக் கதவு, மறைவிளக்கு, சுவருக்குள் புதைந்த ஒயரிங் என எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். 1929-இல் பார்சிலோனாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அமைத்த ஜெர்மன் கூடத்தில் அறைகலன்கள் மிகக் குறைவு. ஆனால் சுவர்களுக்கு ஓனிக்ஸ் கல்லும் பளிங்கும், தரைக்கு டிராவர்டைன் கல்லும் போட்டார்கள். பொருளில் மிச்சப்படுத்தியது நுணுக்கத்தில் செலவாகிவிடுகிறது.

இப்போது கடனுக்கு வருவோம். நான்கு மாதச் செலவுக்குச் சமமான தொகையை 12% வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு வாங்கினால், வட்டி மட்டுமே அசலில் மூன்றில் ஒரு பங்காகும். அதாவது ஒன்றேகால் மாத வீட்டுச் செலவுக்கும் மேல். மாதத் தவணை உங்கள் மாதச் செலவில் ஏறக்குறைய 9 சதவீதம் வரும். சம்பளம் தவறாமல் வரும் மாதங்களில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் உங்கள் வருமானம் குறைந்து, அதே மாதத்தில் மாமியாருக்கு மருத்துவச் செலவும் வந்தால், கையில் மிஞ்சியிருப்பது மூன்று மாதச் சேமிப்பு மட்டுமே. ஒருவர் வருமானம் மாறக்கூடிய ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலும், சுவரோடு அடித்த பலகைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் வீட்டை விற்கும்போது போட்ட காசு அப்படியே திரும்புவது அரிது. தனியாக நிற்கும் கட்டிலையும் பீரோவையுமாவது அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஆகவே இப்போதைக்கு இரண்டு மாதத் தொகைக்குள் முடியுங்கள். குடியேறிய பிறகு செய்யச் சிரமமானவற்றுக்கே முதலிடம்: ஒயரிங், கூடுதல் பிளக் பாயிண்ட், தண்ணீர்க் குழாய், பெயிண்ட். அடுத்து சமையலறை அலமாரிகள். அங்கே பிளைவுட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். சிங்க் அடியில் ஈரம் தாங்காத பலகை போட்டால் சில ஆண்டுகளிலேயே உப்பிவிடும், பிறகு அதை மாற்றும் செலவு தனி. படுக்கையறைகளுக்குப் பழைய பீரோக்களையே சுவரின் நிறத்தில் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், சுவர்ப் பலகை ஆகியவற்றை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். கட்டவிருந்த தவணையை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவந்தால், அந்த ஓராண்டில் ஒரு மாதச் செலவுக்குச் சற்று மேலான தொகை, வட்டிச் சுமையில்லாமல் சேர்ந்திருக்கும்.

இந்த ஓராண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. மகனுக்கு இப்போது வேண்டியது விளையாட்டுச் சாமான் போட ஒரு தாழ்ந்த பெட்டி. ஐந்து வயதில் படிக்க மேசை கேட்பான். இன்றைய தேவைக்கு அளவெடுத்துச் சுவரோடு கட்டிவிட்டால், அதை உடைக்கவும் நீங்களே காசு கொடுக்க வேண்டியிருக்கும். அதுபோலவே, தச்சர் அளவெடுக்க வருவதற்கு முன்பு, வேண்டாத துணிமணியையும் பாத்திரத்தையும் கழித்துவிடுங்கள். தொங்கவிடும் துணிக்கு அலமாரியின் ஆழம் 60 சென்டிமீட்டர் வேண்டும். அதைக் குறைக்க முடியாது. ஆனால் அகலத்தை நிச்சயம் குறைக்கலாம், அலமாரியின் விலையும் பெரும்பாலும் அகலத்தைப் பொறுத்தே ஏறுகிறது. இரண்டு அடி குறைந்தாலே கொட்டேஷனில் வித்தியாசம் தெரியும். மினிமலிசத்தில் காசு செலவில்லாமல் கிடைக்கிற பகுதி இது ஒன்றுதான். பலர் இதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

டிசைனரிடம் பேசும்போது, மொத்தத் தொகையை மட்டும் சொல்லாமல் ஒவ்வொரு வேலைக்கும் பலகையின் வகை, தடிமன், கீல், கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தை, எல்லாக் கதவும் இழுப்பறையும் ஒழுங்காகத் திறந்து மூடுவதைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். மாமியார் அறை அலமாரிக்கு மட்டும், டிசைனர் எவ்வளவு வாதாடினாலும், நல்ல பெரிய கைப்பிடியாக வைக்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்தித் திறக்கும் கதவு வயதானவர்களுக்குச் சிரமம், கைப்பிடிக்கு ஆகும் செலவும் குறைவு.