கரும்புக்காட்டு முயலும் வராந்தா கொந்தேயும்

கேள்வி: கரும்பு வெட்டிய காட்டில் முயல் குட்டி ஒன்று தனியாகக் கிடந்தது என்று என் மகன் தூக்கி வந்துவிட்டான். எங்கள் வராந்தா போகன்வில்லாவில் கொந்தே (செம்மீசைச் சின்னான் குருவி) கூடு கட்டியிருக்கிறது. அந்தத் தாய் ஓயாமல் இரை கொண்டுவருகிறது. முயலுக்கு மட்டும் பிள்ளைப் பாசம் கிடையாதா?
- ஒரு வாசகி, ரோஸ் பெல், மொரீஷியஸ்

பதில்: கடிதம் கிடைத்த அன்றே, ‘குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்’ என்று எழுதிப் போட்டேன். கை பட்டதற்காகத் தாய் ஒதுக்கிவிடாது. மீதியை இங்கே சொல்கிறேன்.

கொந்தே முட்டையை அடைகாப்பது 12 நாள்தான். பறக்கிறவள் வயிற்றில் எத்தனை நாள் சுமப்பாள்? பொரிந்த குஞ்சைப் பார்த்தீர்களா? கண் திறக்காது, உடம்பில் ரோமம் இருக்காது, கழுத்தும் நிற்காது. வாய் மட்டும் திறந்தபடி இருக்கும். அதனால்தான் அந்த ஓட்டம்: புழு, பூச்சி, பழம் என்று விடிந்ததிலிருந்து இருட்டும் வரை.

முயல் அப்படியல்ல. ஏறக்குறைய 6 வாரம் சுமந்து பெறுகிறது. குட்டி பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாக இருக்கும். (வளை தோண்டும் குழிமுயலின் குட்டிதான் குருட்டுக் குட்டியாகப் பிறக்கும், அது வேறு சாதி.) நம் ஊரில் லியேவ் என்று சொல்கிற இந்த முயல் இந்தியாவில் உள்ள அதே முயல்தான். அடுத்த முறை பிடரியில் கறுப்புத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தாய் குட்டியைப் புல்லிலோ தோகைச் சருகிலோ பதுக்கிவிட்டுத் தள்ளிப் போய்விடும். அடிக்கடி வந்தால் அதன் மோப்பத்தைப் பிடித்துக்கொண்டு நாயும் கீரியும் வருமே! எலியை ஒழிக்க 1900 வாக்கில் இங்கே கொண்டுவந்த கீரி எலியோடு நிற்கவில்லை. இருட்டியதும் தாய் வரும், கொழுப்பான பாலைச் சில நிமிடம் கொடுக்கும், போய்விடும். நாளுக்கு ஒரு தடவை போதும்.

பாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? கொந்தே கூட்டில் செய்கிற வேலையில் பாதியை முயல் வயிற்றிலேயே முடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பத்து வயதில் நானும் ஒரு குட்டியைத் தூக்கி வந்தேன். பாட்டி திட்டத் திட்ட, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஞ்சால் பசும்பால் ஊட்டினேன். வயிற்றோட்டம் கண்டு மூன்றாம் நாள் செத்துப்போனது. உங்கள் மகனைத் திட்டாதீர்கள்.

அப்புறம், இதழ் கைக்கு வரும்போது கூடு காலியாகியிருக்கும். போகன்வில்லாவை உடனே வெட்டிவிட வேண்டாம். கொந்தே அதே செடிக்கு மறுபடியும் முட்டையிட வரலாம்.