'இன் டைம்', 'ஆன் டைம்': எங்கே எது?

ஒன்பது மணி ஷிப்டுக்கு ஒன்பதுக்கே வந்ததைச் சொல்ல 'இன் டைம்' சரியா, 'ஆன் டைம்' சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஆன் டைம்'தான்.

அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் 'இன் டைம்', 'அவுட் டைம்' என்று கட்டம் போட்டிருப்பார்களே, குழப்பத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. அது உள்ளே நுழைந்த மணி. நீங்கள் கேட்பது வேறு.

எனக்கு இது புரிந்தது எழும்பூர் ஸ்டேஷனில். அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போக வைகையில் டிக்கெட் எடுத்திருந்தேன். மாம்பலத்தில் லோக்கல் வரவே தாமதம். எழும்பூரில் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மா கையைப் பிடித்துப் படியேறி இறங்கி, கடைசிப் பெட்டியில் ஏறியதும் வண்டி நகர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா சொன்னார்: "வண்டி நேரத்துக்கு எடுத்துட்டான்டா. நல்லவேளை, அதுக்குள்ள வந்துட்டோம்."

இரண்டும் அதிலேயே இருக்கிறது. வண்டி 'நேரத்துக்கு' கிளம்பியது, அது ஆன் டைம். நாங்கள் 'அதுக்குள்ள' வந்தோம், அது இன் டைம். மணிக்கு என்றால் ஆன், மணிக்குள் என்றால் இன். 'உள்' என்பதுதானே 'இன்'!

'இன் டைம்' என்றால் எதற்குள் என்ற கேள்வி கூடவே வரும். இன் டைம் ஃபார் லஞ்ச், இன் டைம் டு கேட்ச் த ட்ரெயின் என்று பதிலையும் சேர்த்துச் சொல்வார்கள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று வந்தால் 'ஜஸ்ட் இன் டைம்'.

ஒரு இடத்தில் மட்டும் என் கணக்கு உதவாது. கரண்ட் பில்லைக் கடைசித் தேதிக்குள் கட்டினாலும் ஆங்கிலத்தில் 'பெய்ட் ஆன் டைம்' என்பதே வழக்கம். கெடு தவறவில்லை என்பதுதான் அங்கே முக்கியம். இஎம்ஐயும் அப்படியே.

இன்னொன்று, 'இன் டைம்' என்பதற்குப் 'போகப் போக' என்றும் பொருள் உண்டு. யூ வில் லேர்ன் இன் டைம் என்றால், நாளாக ஆகக் கற்றுக்கொள்வாய். நான் மாட்டிக்கொண்டது இதில்தான். அம்பத்தூரில் வேலை பார்த்தபோது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'த பார்ட்ஸ் வில் பி டெலிவர்ட் இன் டைம்' என்று மெயில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: 'இன் டைம் ஃபார் வாட்?' எதற்குள் என்று நான் சொல்லாததால், 'போகப் போக வந்து சேரும்' என்றும் அதைப் படிக்கலாமே! உடனே 'ஆன் டைம்' என்று மாற்றி, பக்கத்தில் தேதியையும் போட்டு அனுப்பினேன்.